இந்த மாதம் இந்த முட்டை என்று தீர்மானிப்பது யார்?

பொகவந்தலாவையில் உயர்தர உயிரியல் படிப்பிக்கும் தங்கச்சிக்கு,

நீங்கள் எழுதியதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று உங்கள் வகுப்புப் பிள்ளை கேட்டது: "எல்லா முட்டைகளும் பிறக்கும்போதே இருக்கின்றனவென்றால், இந்த மாதம் இந்த முட்டை என்று தீர்மானிப்பது யார்?" மற்றது உங்கள் அக்காவைப் பற்றியது. அவருக்கு 31 வயது. குழந்தைக்காகக் காத்திருந்து ஒன்றரை வருடமாகிறது. கண்டியில் எடுத்த இரத்தப் பரிசோதனையில், முட்டை இருப்பை ஊகிக்க அளக்கும் ஏ.எம்.எச். என்ற ஓமோனின் அளவு 0.8 என்று வந்திருக்கிறது. கலியாணமான புதிதில் போட்டுக்கொண்ட மூன்று மாதக் கருத்தடை ஊசியால்தான் முட்டையெல்லாம் முடிந்துவிட்டது என்று மாமியார் வீட்டில் பேசுகிறார்கள்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஊசியால் முட்டை முடிந்துபோவதில்லை. 0.8 என்ற எண்ணுக்குக் குழந்தை பிறக்காது என்று பொருளும் இல்லை. இரண்டுக்கும் உரிய காரணம் உங்கள் மாணவியின் கேள்விக்கான விடையிலேயே இருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தாயின் வயிற்றில் 20 வாரமளவான பெண் சிசுவின் இரு சூலகங்களிலும் சேர்த்து 60 முதல் 70 இலட்சம் முட்டை மூலக் கலங்கள் இருக்கின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 இலட்சமே எஞ்சுகின்றன. பூப்படையும் வயதில் மூன்று, நான்கு இலட்சம். அவற்றுள் வாழ்நாள் முழுவதிலும் வெளியேறுபவை ஏறத்தாழ 400. ஐம்பது வயதையொட்டி மாதவிடாய் நிற்கும்போது ஆயிரமளவில் மிச்சமிருக்கும். பெரிய இழப்பு பிறப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள். பூப்படையாத சிறுமியிடமும், கர்ப்பிணியிடமும், கருத்தடை மாத்திரை எடுப்பவரிடமும் இந்தக் குறைவு நிற்காமல் நடக்கிறது. மாதவிடாய்தான் முட்டையைக் குறைக்கிறது என்ற எண்ணம் தவறு.

பிறந்த குழந்தையின் சூலகத்தில் ஒவ்வொரு முட்டைக் கலத்தையும் தட்டையான சிறுமணிக் கலங்கள் ஒற்றை அடுக்காகச் சூழ்ந்திருக்கும். முட்டையும் சூழ்ந்த கலங்களும் சேர்ந்ததுதான் புடைப்பு; இந்தத் தொடக்க நிலையில் அது ஆதிப் புடைப்பு. அதன் விட்டம் ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. உள்ளே இருக்கும் முட்டைக் கலம், நிறமூர்த்தங்களைப் பாதியாக்கும் ஒடுக்கற்பிரிவின் முதலாவது பிரிவைச் சிசுப் பருவத்திலேயே தொடங்கி, அதன் முதற் கட்டமான முன்னவத்தையில் நின்றுவிட்டது. சில மாதங்களில் ஆதிப் புடைப்பு நிலையை விட்டு வளரத் தொடங்குபவையும் உண்டு. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே நிற்பவையும் உண்டு.

இவ்வளவு காலம் அவை சும்மா கிடக்கின்றன என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மூலக்கூற்று உயிரியல் காட்டியிருப்பது நேர்மாறானது. உறங்குநிலையில் இருப்பதற்கே அந்தக் கலம் ஓயாமல் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு புடைப்பின் வளர்ச்சியைத் தள்ளிவிடும் விசைகளைவிட, அதைப் பிடித்துவைத்திருக்கும் தடைகள்தான் அதிகம். தடைகள் ஒவ்வொன்றாக விலகுவதுதான் வளர்ச்சி. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

முதலாவது தடை ஃபொக்ஸோ 3 என்ற புரதம். அது முட்டைக் கலத்தின் கருவுக்குள், அதாவது நிறமூர்த்தங்கள் இருக்கும் மையப் பகுதிக்குள், இருக்கும்வரை கலம் வளராது. புடைப்பை எழுப்பும் சமிக்ஞை சுற்றியுள்ள தட்டைக் கலங்களிலிருந்து வருகிறது. அவற்றுள் எம்டோர் என்ற ஒழுங்கமைப்பு விழித்துக்கொண்டதும் அவை கிட் இணைபுரதத்தை உற்பத்தி செய்கின்றன. அது முட்டைக் கலத்தின் மேலுள்ள, சமிக்ஞையைப் பெறும் புரதமான கிட் வாங்கியுடன் இணைகிறது. உடனே உள்ளே பிஐ3கே, ஏகேடி என்ற நொதியங்கள் வரிசையாகத் தூண்டப்படுகின்றன. ஏகேடி ஃபொக்ஸோ 3 மீது பொசுபேற்றுக் கூட்டத்தைச் சேர்க்க, அது கருவை விட்டு வெளியேற்றப்படுகிறது. முட்டைக் கலம் பருக்கத் தொடங்குகிறது. இந்த வரிசையை எதிர்த்து நிற்கும் இரண்டாவது தடை பிடென் என்ற புரதம். 2003இல் ஃபொக்ஸோ 3 இல்லாத சுண்டெலிகளை ஆராய்ந்தபோது, ஆதிப் புடைப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்து வளர்ந்து அழிந்து, அந்தப் பெண் சுண்டெலிகள் இளவயதிலேயே மலடாகியிருந்தன. முட்டைக் கலத்தில் மட்டும் பிடென் நீக்கப்பட்ட சுண்டெலிகளிலும் இதுவே நடந்ததென 2008இல் வெளியானது. தடையை எடுத்ததும் இருப்பு முழுவதும் ஒரே மூச்சில் செலவாகிவிட்டது.

இந்தக் கட்டத்தில் மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பிக்கு வேலையே இல்லை. அது சுரக்கும், புடைப்பை வளர்க்கும் எப்.எஸ்.எச். ஓமோனுக்கான வாங்கிகள் ஆதிப் புடைப்பில் இல்லை. அக்காவின் ஊசி விடயத்துக்கு விடை இதுதான். மூன்று மாத ஊசியும் கருத்தடை மாத்திரையும் கபச்சுரப்பியிலிருந்து வரும் எப்.எஸ்.எச்., முட்டையை வெளியேற்றும் எல்.எச். ஆகிய ஓமோன்களைத்தான் அடக்குகின்றன. உறங்கும் புடைப்புக்கு அவை சொல்வது கேட்காது. ஆகவே அந்த ஊசி முட்டையை அழிப்பதுமில்லை, சேமித்துவைப்பதுமில்லை. அது செய்வது தாமதம் மட்டும். மருந்து தசையிலிருந்து மெல்ல மெல்லக் கரைவதால், கடைசி ஊசிக்குப் பின் கருத்தரிக்கச் சராசரியாகப் பத்து மாதமளவு செல்லலாம். சிலருக்கு அதற்கும் மேல். தோட்டங்களில் எத்தனையோ பெண்கள் ஊசி போட்டு, நிறுத்தி, பிள்ளை பெற்றிருக்கிறார்கள். மாமியாரிடம் எடுத்துச் சொல்ல அதுவே போதும். ஊசியைக் காட்டி ஒரு பெண்ணைக் குற்றவாளியாக்குவது எனக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

விழித்த புடைப்பில் தட்டைக் கலங்கள் கனவடிவம் பெற்றுப் பெருகுகின்றன. முட்டைக் கலம் தன்னைச் சுற்றித் தெளிவலயம் என்ற உறையைச் சுரக்கிறது. சிறுமணிக் கலங்கள் அந்த உறையைத் துளைத்து நுண்ணிய நீட்டங்களை அனுப்பி முட்டையைத் தொட்டுக்கொண்டே இருக்கின்றன. பைருவேற்று, அமினோ அமிலங்கள் போன்றவை அவ்வழியே உள்ளே போகின்றன. வெல்லத்தைத் தானாகச் சரியாகப் பயன்படுத்தத் தெரியாத கலம் அது. ஆனாலும் அது வெறுமனே ஊட்டப்படும் பிள்ளையல்ல. ஜி.டி.எஃப். 9, பி.எம்.பி. 15 என்ற இரண்டு புரதங்களை வெளியிட்டு, சுற்றியுள்ள கலங்கள் எவ்வளவு பெருக வேண்டும், எப்போது முதிர வேண்டும் என்பதை அதுவே நடத்துகிறது. 1996இல் ஜி.டி.எஃப். 9 நீக்கப்பட்ட சுண்டெலிகளில் புடைப்புகள் ஒற்றை அடுக்கோடு நின்றுவிட்டன.

பி.எம்.பி. 15 பற்றி வகுப்பில் சொல்ல நியூசிலாந்தின் இன்வர்டேல் செம்மறிகளைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இந்தப் பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஒரு பிரதியில் மட்டும் விகாரம் உள்ள பெண் செம்மறி வழக்கத்தைவிட அதிகக் குட்டிகளை ஈனும். இரண்டு பிரதிகளிலும் விகாரம் உள்ளது மலடு. அதன் புடைப்புகள் தொடக்க நிலையைத் தாண்டுவதேயில்லை. இதற்குக் காரணமான விகாரம் 2000ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. ஒரே புரதம் பாதி குறைந்தால் இரட்டைக் குட்டி, முழுதும் இல்லாவிட்டால் ஒன்றுமில்லை! பாதி குறையும்போது, புடைப்பு சிறிதாக இருக்கும்போதே அதன் சிறுமணிக் கலங்கள் எல்.எச். ஓமோனுக்குப் பதிலளிக்கத் தொடங்கிவிடுவதால், ஒன்றுக்கு மேற்பட்ட புடைப்புகள் முந்திக்கொண்டு முதிர்ந்துவிடுகின்றன. அவுஸ்திரேலியாவின் பூரூலா செம்மறிகளில் இதே வகைச் சமிக்ஞையைப் பெறும் வாங்கியில் விகாரம் இருக்கிறது. அது வங்காளத்தின் கரோல் செம்மறிகளிலிருந்து போனது என்பது மரபணு ஒப்பீட்டில் தெரியவந்தது. பரம்பரையியல் பாடத்தையும் இனப்பெருக்கப் பாடத்தையும் ஒரே நாளில் இணைத்து நடத்த இது உதவும்.

இனி ஏ.எம்.எச். பற்றிப் பார்ப்போம். வளரத் தொடங்கிய சிறு புடைப்புகளின் சிறுமணிக் கலங்கள்தான் இதைச் சுரக்கின்றன. புடைப்பு எட்டு மில்லிமீற்றரளவைத் தாண்டினால் சுரப்பு குறைந்துவிடும். உறங்கும் புடைப்பு இதைச் சுரப்பதில்லை. சூலகத்தில் இதன் வேலையும் தடுப்பதுதான்: வளர்ந்துகொண்டிருக்கும் புடைப்புகள், உறங்குபவை கூட்டமாக எழாதபடி இதனால் அடக்கிவைக்கின்றன. ஏ.எம்.எச். இல்லாத சுண்டெலிகளில் ஆதிப் புடைப்புகளின் இருப்பு வேகமாகக் கரைவது 1999இல் காட்டப்பட்டது. உறங்குபவை அதிகம் இருந்தால் எழுபவையும் அதிகம். எழுபவை அதிகமென்றால் இரத்தத்தில் ஏ.எம்.எச். அதிகம். ஆகவே அக்காவின் 0.8 இருப்பை நேரடியாக எண்ணிய கணக்கல்ல, எழுந்து வளர்பவற்றைக் கொண்டு செய்த ஊகம். 31 வயதுக்கு அது குறைவுதான், மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு மாதத்தில் கருத்தரிக்க ஒரு முட்டை போதும். எண்ணிக்கை குறைந்ததால் அந்த ஒரு முட்டையின் தரம் குறைந்துவிட்டது என்று ஏ.எம்.எச். சொல்லாது. 2017இல் அமெரிக்காவில் 30 முதல் 44 வயது வரையான, முன்பு குழந்தையின்மைச் சிக்கல் இல்லாத பெண்களை ஆராய்ந்தார்கள். இயற்கையாகக் கருத்தரிக்க முயன்ற அவர்களில், ஏ.எம்.எச். 0.7இலும் குறைவாக இருந்தவர்களும் மற்றவர்களைப் போலவே கருத்தரித்தார்கள். ஏ.எம்.எச். உண்மையில் பயன்படுவது, பரிசோதனைக் குழாய்ச் சிகிச்சைக்குப் போனால் அங்கே போடும் எப்.எஸ்.எச். ஊசிக்கு எத்தனை முட்டைகள் கிடைக்கும் என்று மதிப்பிடத்தான். கருத்தடை மாத்திரை எடுக்கும் காலத்தில் இந்த அளவு தற்காலிகமாகக் குறைவாகக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது மாணவியின் கேள்விக்கு நேரடியாக வரலாம். "இந்த மாதம்" வெளியேறும் முட்டை பல மாதங்களுக்கு முன்பே உறக்கம் கலைந்தது. 0.2 மில்லிமீற்றர் அளவிலிருந்து வெளியேறும் நாள்வரை மட்டுமே ஏறத்தாழ 85 நாட்கள் செல்கின்றன. மாதத் தெரிவு நடப்பது அதன் கடைசி இரண்டு வாரங்களில். மாதவிடாய் தொடங்கும்போது எப்.எஸ்.எச். கொஞ்சம் உயர்கிறது. அந்த நேரம் சில மில்லிமீற்றர் அளவில் தயாராக இருக்கும் புடைப்புகள் எல்லாம் அதை உறிஞ்சி வளர்கின்றன. புடைப்பின் வெளிச்சுற்றிலுள்ள உறைக் கலங்கள் எல்.எச். கட்டளைப்படி கொலஸ்திரோலிலிருந்து ஆண்பால் ஓமோன்களான அந்திரசன்களைச் செய்கின்றன. உள்ளேயுள்ள சிறுமணிக் கலங்கள் எப்.எஸ்.எச். கட்டளைப்படி அரோமற்றேசு நொதியத்தால் அவற்றைப் பெண்பால் ஓமோனான ஈஸ்திரடையோலாக மாற்றுகின்றன. ஒரு கலவகையால் தனித்து முடியாத வேலை இது. சேரும் ஈஸ்திரடையோலும், சிறுமணிக் கலங்கள் சுரக்கும் இன்ஹிபின் பி என்ற ஓமோனும் கபச்சுரப்பிக்குப் போய் எப்.எஸ்.எச். சுரப்பைக் குறைக்கின்றன. வரத்துக் குறையும் அந்த நேரத்தில், ஏறத்தாழ பத்து மில்லிமீற்றரை எட்டிய ஒன்று தன் சிறுமணிக் கலங்களிலும் எல்.எச். வாங்கிகளைப் பெற்றுவிட்டிருக்கும். எப்.எஸ்.எச். குறைந்தாலும் எல்.எச். கொண்டு அது சமாளித்துவிடும். மற்றவற்றின் சிறுமணிக் கலங்கள் திட்டமிட்ட கலச்சாவில் அழிகின்றன.

தேயிலைச் செடியில் உச்சித் தளிர் இருக்கும்வரை கீழ் மொட்டுகள் அடங்கிக் கிடப்பதையும், கவாத்து வெட்டியதும் அவை கிளம்புவதையும் உங்கள் பிள்ளைகள் கண்ணால் கண்டவர்கள். முந்திவிட்ட புடைப்பு மற்றவற்றை அடக்குவதும் அப்படித்தான். ஒரு வேறுபாட்டை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள்: தேயிலை மொட்டு அடுத்த முறைக்காக உயிரோடு காத்திருக்கும், தோற்ற புடைப்பு செத்துவிடும். பரிசோதனைக் குழாய்ச் சிகிச்சையில் எப்.எஸ்.எச். ஊசி போடுவது, அந்த மாதம் எப்படியும் சாகவிருந்த புடைப்புகளைக் காப்பாற்றத்தான். அதனால் எதிர்கால இருப்பு குறைவதில்லை. சினைப்பை நீர்க்கட்டி என்று பலர் சொல்லும் நிலையில் இந்தத் தெரிவுதான் நின்றுபோகிறது. சிறு புடைப்புகள் பல சேர்ந்து கிடக்கும், ஒன்றும் முந்தாது, ஏ.எம்.எச். உயர்ந்து காட்டும். அதிக எண் நல்ல எண் என்று நினைப்போருக்கு இதைச் சொல்லலாம்.

ஆகவே தீர்மானிப்பவர் என்று தனியாக ஒருவர் இல்லை. சிறந்த முட்டை எதுவென்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. எப்.எஸ்.எச். இறங்கும் நேரத்தில் எந்தப் புடைப்பு தயாராக இருந்ததோ அது நிலைத்தது.

இதை வகுப்பில் காட்ட முடியும். ஆட்டிறைச்சிக் கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் பெண் ஆட்டின் சூலகத்தை எடுத்துத் தருவார்கள். நான் பெரும்பாலும் அதைத்தான் பயன்படுத்துவேன். ஈர உப்புத் துணியில் சுற்றி, இளஞ்சூடான உப்பு நீரில் கழுவுங்கள். மேற்பரப்பில் தெளிந்த கொப்புளங்கள் புடைத்துத் தெரியும்: ஒன்று ஐந்தாறு மில்லிமீற்றர், மற்றவை இரண்டு, மூன்று. சிலவற்றின் சுவரில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஓடி இளஞ்சிவப்பாக இருக்கும். சில மங்கி, சாம்பல் பூத்திருக்கும். மங்கியவை அழிந்துகொண்டிருப்பவை. தெளிந்த ஒன்றை ஊசி கொண்டு குத்தி, பாயும் திரவத்தைக் கடிகாரக் கண்ணாடியில் பிடித்து, நுணுக்குக்காட்டியின் தாழ்ந்த உருப்பெருக்கத்தில் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே முகில் போன்ற ஒரு கலத் திரளும், அதன் நடுவே கருமையான வட்டமும், வட்டத்தைச் சுற்றிப் பளிச்சென்ற ஒரு வளையமும் தெரியும். திரள் சிறுமணிக் கலங்கள், வட்டம் முட்டை, வளையம் தெளிவலயம். மங்கிய கொப்புளத்திலிருந்து வரும் முட்டையைச் சுற்றி அந்தத் திரள் கலைந்துபோயிருக்கும். புத்தகத்திலுள்ள வரிப்படத்தால் தர முடியாத அறிவு இது. கையுறை அணிவதையும் கை கழுவுவதையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தெரிவான புடைப்பு இருபது மில்லிமீற்றரளவு வரும்வரை முட்டையின் ஒடுக்கற்பிரிவு நின்றபடியே இருக்கிறது. இங்கும் ஒரு தடை. சிறுமணிக் கலங்கள் சி.ஜி.எம்.பி. என்ற சிறு மூலக்கூறை இடைவெளிச் சந்திகள் வழியே முட்டைக்குள் அனுப்பிக்கொண்டேயிருக்கின்றன. முட்டைக்குள் சி.ஏ.எம்.பி. என்ற இன்னொரு சிறு மூலக்கூறைச் சிதைக்கும் நொதியத்தை அது அடக்குகிறது; சி.ஏ.எம்.பி. உயர்ந்திருக்கும்வரை பிரிவு தொடராது. ஈஸ்திரடையோல் இரண்டு நாளளவு உச்சத்தில் நின்றால் மூளை மனம் மாறி, அடக்குவதற்குப் பதிலாக எல்.எச்.-ஐப் பொங்கவிடுகிறது. சி.ஜி.எம்.பி. வரத்து நிற்கிறது, சி.ஏ.எம்.பி. சிதைகிறது, நின்ற பிரிவு மீண்டும் நகர்கிறது. முட்டையைச் சுற்றிய திரள் ஹையலுரோனிக் அமிலத்தைச் சுரந்து விரிகிறது. புரொஸ்தகிளாண்டின்கள் சுவரை நெகிழ்த்துகின்றன. எல்.எச். உயரத் தொடங்கி ஏறத்தாழ 36 மணிநேரத்தில் புடைப்பு வெடிக்கிறது. அக்காவிடம் ஒரு விடயம் கேளுங்கள்: கூடை சுமக்கும் முதுகுவலிக்கு டைக்குளோபெனக், இபுபுரூபன் போன்ற மாத்திரைகளை அடிக்கடி விழுங்குகிறாரா? அவை புரொஸ்தகிளாண்டினைத் தடுப்பதால் சிலரில் புடைப்பு வெடிப்பது தாமதமாகலாம். குழந்தைக்கு முயலும் காலத்தில் வைத்தியரிடம் கேட்டு மாற்று மருந்து எடுப்பது நல்லது.

முட்டையின் தரம் எங்கே குறைகிறது? வயதில். சிசுப் பருவத்தில் நிறமூர்த்தங்களைச் சோடி பிரியாமல் கட்டிவைத்த கொஹீசின் புரதங்கள், அதன் பின் புதுப்பிக்கப்படுவதில்லை என்பதைச் சுண்டெலிகளில் கண்டிருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் அவை தேய, பிரிவின்போது நிறமூர்த்தங்கள் தவறான பக்கம் போவது கூடுகிறது. முப்பதுகளின் பிற்பகுதியிலிருந்து கருச்சிதைவு அதிகரிப்பதற்கு முதன்மைக் காரணம் இதுதான். அக்காவின் முட்டைகள் 31 வயது முட்டைகள். ஏ.எம்.எச். குறைந்த 31, ஏ.எம்.எச். நிறைந்த 40ஐவிட இந்த வகையில் மேலானது.

இணையத்தில் சூலகத்தை மறுபடி விழிக்க வைக்கும் சிகிச்சை என்று ஏதாவது அவர் கண்ணில் படலாம். அதற்கு ஒரு உண்மையான அடிப்படை இருக்கிறது. 2013இல் ஜப்பானில் கவமுரா குழுவினர், இளவயதிலேயே சூலகம் செயலிழந்த பெண்களின் சூலகத் திசுவைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஏகேடி-யைத் தூண்டும் மருந்தில் வைத்து, மீண்டும் உடலில் பதித்தார்கள். வெட்டுவதே ஹிப்போ என்ற இன்னொரு தடையை விலக்குகிறது. குழந்தையும் பிறந்தது. ஆனால் அது மாதவிடாயே நின்றுபோனவர்களுக்காக ஆய்வாகச் செய்யப்பட்டது. மாதாமாதம் ஒழுங்காக மாதவிடாய் வரும் உங்கள் அக்காவுக்கு அது வேண்டியதில்லை. அதற்காக யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

அக்கா செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் அறிக்கையில் 0.8க்குப் பக்கத்திலுள்ள அலகைப் பாருங்கள். மில்லிலீற்றருக்கு நனோகிராம் என்றால் நான் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். லீற்றருக்குப் பிக்கோமோல் என்றால், அது ஏழு மடங்கு சிறிய அளவு; அப்போது தாமதிக்காமல் மகப்பேற்று நிபுணரைக் காண வேண்டும். ஒன்றரை வருடம் கடந்துவிட்டதால் எப்படியும் அவரைக் காணும் நேரம் வந்துவிட்டது. எண்ணிக்கை குறைவு என்பதால் இன்னும் இரண்டு வருடம் பார்ப்போம் என்று தள்ளிப்போடக் கூடாது. உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் சொன்னால் எந்த ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு, எந்த நாளில் போக வேண்டுமென்று வழிகாட்டுவார். தைரொயிட் பரிசோதனை, பலோப்பியன் குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்ற பரிசோதனை ஆகியவற்றைப் பற்றி அங்கே கேட்கட்டும். ஃபோலிக் அமிலத்தை இப்போதே தொடங்கலாம்.

அத்தானுக்கு விந்துப் பரிசோதனை செய்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் கணிசமானோருக்குக் காரணம் ஆண் பக்கத்திலும் இருக்கிறது. அந்தப் பரிசோதனை மலிவானது, வலியில்லாதது, விரைவில் முடிவு வருவது. அக்காவின் இரத்தத்தை இன்னொரு முறை எடுப்பதற்கு முன் அதைச் செய்துவிடச் சொல்லுங்கள். அறிக்கைகள் வந்ததும் அலகுகளோடு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.